சபையின் வாசலில் நின்று பாடியவர்

ஜெர்மானிய இசைமேதை மாக்ஸ் ரேகர் (1873 – 1916)

விழா மலர்களில் புனிதர்களின் வரலாறும், ஆலயம் எழுப்பிய குருக்களின் வரலாறும் இடம்பெறுவது முறை. ஞாயிறுதோறும் நம்மைப் பாட வைக்கும் பாடற்குழுவினரை மனத்தில் கொண்டு, இப்பக்கங்களில் ஓர் இசைஞரின் வரலாற்றை எழுத விழைந்தோம். அவர் புனிதர் பட்டம் பெற்றவர் அல்லர். கடன்பட்டவர், குடிப்பழக்கத்தோடு போராடியவர், கடுஞ்சொல் பேசியவர். அது மட்டுமா? திருச்சபையின் தண்டனைக்கு உள்ளாகி, திருவருட்சாதனங்களினின்று விலக்கப்பட்டவர். ஆயினும் அவர் எழுதிவைத்த ஆர்கன் இசை இன்றைக்கும் கத்தோலிக்கப் பேராலயங்களில் முழங்குகின்றது. அவர் இயற்றிய மரியன்னையின் தாலாட்டு கிறிஸ்து பிறப்புக் காலத்தில் உலகின் பல நாடுகளில் பாடப்படுகின்றது. விலக்கப்பட்ட ஒருவரின் வாயிலிருந்து இறைப்புகழ் விலக்கப்படவில்லை என்பதற்கு இவ்வரலாறு சான்று. அதனாலேயே விழாக்காலத்தில் இதை எண்ணிப்பார்ப்பது தகும் என்று கருதினோம்.

ஒரே கூரையின்கீழ் இரண்டு சபைகள்

ஜெர்மனியின் தென்பகுதியாகிய பவேரியாவில், பிராண்ட் என்னும் சிற்றூரில், 1873ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் ரேகர் பிறந்தார். அது புனித சூசையப்பர் திருநாள். ஜோகான் பாப்டிஸ்ட் ஜோசப் மாக்ஸிமிலியான் என்பது அவருக்கு இட்ட பெயர். தந்தையின் பெயரும் ஜோசப். அவர் பள்ளி ஆசிரியர்; இசையிலும் வல்லவர். அக்காலத்துப் பவேரியச் சிற்றூர்களில் பள்ளி ஆசிரியரே ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகவும் இருப்பது வழக்கம். நம் நாட்டில் ஒரு காலத்தில் உபதேசியாரே ஆசிரியராகவும் பாட்டு வாத்தியாராகவும் விளங்கினார் அல்லவா, அதைப் போன்றதே இதுவும்.

குழந்தைக்கு ஒரு வயதானபோது, 1874இல், குடும்பம் வைடன் என்னும் நகருக்குக் குடிபெயர்ந்தது. ஆசிரியப் பயிற்சிக்கு மாணவரை ஆயத்தப்படுத்தும் பள்ளியில் தந்தைக்கு வேலை கிடைத்திருந்தது. பியானோவின் முதற்பாடங்களைச் சிறுவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் தாய் பிலோமினா. பள்ளிக்கூடத்தில் பழுதாகிக் கழிக்கப்பட்ட பழைய ஆர்கன் ஒன்றைத் தந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, பழுது பார்த்து, வீட்டிலேயே நிறுவினார். குழல்களும் துருத்தியும் கட்டைகளும் எவ்வாறு ஒன்றோடொன்று இணைந்து ஒலி எழுப்புகின்றன என்பதைச் சிறுவன் மாக்ஸ் இவ்வாறு கண்ணால் கண்டும் கையால் தொட்டும் அறிந்துகொண்டான். 1884 முதல் வைடன் நகர ஆர்கனிஸ்டான அடால்பர்ட் லிண்ட்னர் அவனுக்கு ஆசிரியரானார்.

வைடன் நகரின் ஆலயத்தைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அதிதூதரான புனித மிக்கேலின் பெயரால் விளங்கிய அவ்வாலயம் 17ஆம் நூற்றாண்டிலிருந்து கத்தோலிக்கருக்கும் லூத்தரன் சபையாருக்கும் பொதுவாக இருந்தது. சமயப் போர்களால் சின்னாபின்னமான அந்நாட்டில், சில ஊர்களில் ஓர் ஆலயத்தை இரு சபையாரும் நேரம் வகுத்துப் பயன்படுத்தும் ஏற்பாடு செய்யப்பட்டது. இவர்கள் பூசை முடிந்து வெளியேறினால் அவர்கள் ஆராதனைக்கு உள்ளே வருவார்கள். இது அன்பினால் பிறந்த ஒற்றுமை அன்று; அரசர் ஆணையால் வந்த உடன்பாடு. பூசல்களும் குறைவின்றி இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் முடிவில்தான் கத்தோலிக்கர் புனித சூசையப்பர் பெயரால் தமக்கெனத் தனி ஆலயம் எழுப்பிக் கொண்டனர்.

ரேகரின் இளமைப் பருவத்தில் ஆலயம் இன்னும் பொதுவாகவே இருந்தது. 1886 முதல் 1889 வரை, பதின்மூன்று வயதிலிருந்து பதினாறு வயது வரை, அங்கே கத்தோலிக்கத் திருவழிபாட்டில் அவர் ஆர்கன் வாசித்தார். ஒரே கூரை, ஒரே சுவர், ஆனால் இரண்டு வழிபாடுகள். இலத்தீன் பூசைக் கீதங்களும் லூத்தரன் சபையாரின் ஞானப்பாட்டுகளும் மாறி மாறி ஒலித்த ஆலயத்தில் அவருடைய செவி வளர்ந்தது. பிற்காலத்தில் அவர் செய்த பெரும்பணியின் வித்து இங்கேயே விழுந்தது எனலாம்.

வீழ்ச்சியும் வீடு திரும்புதலும்

மகன் தம்மைப் போல் ஆசிரியராகவேண்டும் என்பதே தந்தையின் எண்ணம். ஆனால் 1888இல், பதினைந்தாம் வயதில், உறவினர் ஒருவர் மாக்ஸைப் பைராய்த் நகருக்கு அழைத்துச் சென்றார். அங்கே வாக்னரின் இசைநாடகங்களைக் கேட்டு ஊர் திரும்பிய சிறுவன், இசையே தன் வாழ்வு என்று உறுதி பூண்டான். ஆசிரியர் லிண்ட்னர் அவன் எழுதிய படைப்பு ஒன்றை, புகழ்பெற்ற இசை அறிஞர் ஹூகோ ரீமானுக்கு அனுப்பிவைத்தார். ரீமான் ஊக்கமளித்தார். 1890இல் ரேகர் அவரிடம் மாணவராகச் சேர்ந்து, பின்பு அவரோடு வீஸ்பாடன் நகருக்குச் சென்றார்.

அங்கேதான் சோதனைக் காலம் தொடங்கிற்று. 1896இல் ஓராண்டு இராணுவ சேவை. அதனோடு கடனும், குடியும், மனச்சோர்வும் சேர்ந்துகொண்டன. உடலும் உள்ளமும் நைந்துபோன நிலையில், 1898இல், இருபத்தைந்து வயது இளைஞராக வைடனிலிருந்த பெற்றோரின் வீட்டுக்கே திரும்பினார். ஊதாரி மைந்தன் உவமையை நாம் நினைக்காமல் இருக்க முடியுமா? தந்தையின் வீடு அவரை ஏற்றுக்கொண்டது. அடுத்த மூன்றாண்டுகளில் அந்த வீட்டிலிருந்து வெளிவந்த இசை, ஆர்கன் வரலாற்றையே திருப்பிவிட்டது.

அவர் படைத்ததைப் புரிந்துகொள்ள, ஆர்கனைப் பற்றிச் சில சொற்கள் தேவை. நம் ஆலயங்களில் நாம் அறிந்தது ஆர்மோனியமும், மின்சாரத்தால் இயங்கும் கீபோர்டும். ஐரோப்பியப் பேராலயங்களில் உள்ள குழல் ஆர்கனோ ஒரு வீட்டளவு பெரியது. ஆயிரக்கணக்கான குழல்கள் அதில் நிற்கும். சில பென்சிலைவிடச் சிறியவை. சில தென்னையைப் போல் உயர்ந்தவை. வாசிப்பவர் இரு கைகளாலும் பல வரிசைக் கட்டைகளை இயக்கி, இரு கால்களாலும் மிதிகட்டைகளை அழுத்துவார். ரேகர் காலத்து ஜெர்மன் ஆர்கன்களில் காலால் உருட்டும் உருளை ஒன்றும் அமைந்திருந்தது. அதை மெல்ல உருட்டினால், மூச்சுவிடும் ஓசை போன்ற மெல்லொலி படிப்படியாக வளர்ந்து, ஆலயமே அதிரும் பேரொலியாகும். இடைவெளியின்றி இருளிலிருந்து ஒளிக்குச் செல்லும் இவ்வாற்றலை ரேகர் முழுமையாகப் பயன்படுத்தினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தில், குழல் ஆர்கனை மிக உயர்வாக மதிக்கவேண்டும் என்று கூறியதும், மனித உள்ளத்தை மேலே உயர்த்தும் இந்த ஆற்றலை நோக்கியே.

கத்தோலிக்கரின் கையில் லூத்தரன் பாட்டு

வைடனில் திரும்பி வந்த ரேகர் முதலில் கையில் எடுத்தது எது? மார்ட்டின் லூத்தர் இயற்றிய, கடவுளைக் கோட்டையாகப் பாடும் புகழ்பெற்ற ஞானப்பாட்டை! 1898இல் அதை அடிப்படையாகக் கொண்டு ஆர்கனுக்கு ஒரு பெரும் ஃபேண்டசியா எழுதினார். அது அவருடைய படைப்பு எண் 27. தொடர்ந்து 1900 வரை இத்தகைய கோரால் ஃபேண்டசியாக்கள் ஏழு பிறந்தன. கோரால் என்பது லூத்தரன் சபையார் கூடிப்பாடும் ஞானப்பாட்டு. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த லூத்தரன் மிஷனரிமார் அந்த மெட்டுகளைத் தமிழுக்கும் கொண்டுவந்தனர். நம் லூத்தரன் சகோதரர் அவற்றை இன்றும் பாடிவருகின்றனர்.

ரேகர் கையாண்ட முறை இது: பாடலின் ஒவ்வொரு சரணத்தையும் எடுத்துக்கொள்வார். அச்சரணத்தின் சொற்கள் எதைச் சொல்கின்றனவோ, அதற்கேற்ப இசையை மாற்றுவார். சாவைப் பற்றிய சரணம் வந்தால் ஓசை இருண்டு தாழும். விண்ணகத்தைப் பற்றியது வந்தால் ஒளிரும். முடிவில் ஃபியூக் வரும். ஃபியூக் என்பது ஒரு குரல் தொடங்கிய இசைத்தொடரை மற்றக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்று, துரத்திச் செல்வதுபோல் அமைந்த வடிவம். அது உச்சத்தை எட்டும்போது, அதன்மேல் பழைய ஞானப்பாட்டின் மெட்டு வெற்றி முழக்கத்தோடு திரும்பி வரும். இசைக்கருவி ஒன்றே மறையுரை ஆற்றுவதை ஒக்கும் இது.

அவற்றுள் ஒன்று, பத்துக் கன்னியர் உவமையைப் பாடும் ஞானப்பாட்டின் மீது 1900இல் எழுதப்பட்டது. அப்பாடலை இயற்றியவர் பிலிப் நிக்கொலாய் என்னும் லூத்தரன் போதகர். அவருடைய ஊரில் கொள்ளைநோய் பரவி, நாள்தோறும் அடக்கங்கள் நடந்துகொண்டிருந்த காலத்தில் அதை எழுதினார், 1599இல் அச்சாயிற்று. ரேகர் இதை உணர்ந்தவர்போல், கல்லறைத் தோட்டத்து நள்ளிரவைப் போன்ற ஓசையோடு தொடங்குகிறார். மணவாளன் வருகிறார் என்னும் குரல் தொலைவில் கேட்கிறது. இருள் மெல்ல விலகுகிறது. முடிவில் ஆலயம் முழுவதும் ஒளி வெள்ளம்! உயிர்ப்பின் நம்பிக்கையை இதைவிடத் தெளிவாக ஓர் இசைக்கருவி கூறுமா என்பது ஐயமே.

இப்படைப்புகள் மிகக் கடினமானவை. இவற்றை வாசிக்க முடியாது என்று பலர் ஒதுங்கினர். வாசித்துக் காட்டியவர், ரேகர் பிறந்த அதே 1873இல் பெர்லினில் பிறந்த கார்ல் ஷ்ட்ராவ்பே. ரேகரின் ஆர்கன் தொகுப்பு ஒன்றை 1897லேயே பெர்லினில் அரங்கேற்றியவர் அவர். மறு ஆண்டு இருவரும் நேரில் சந்தித்தனர். அந்நட்பு சாவு வரை நீடித்தது. எழுதியவர் கத்தோலிக்கர், வாசித்துப் பரப்பியவர் புராட்டஸ்டாண்டு. பாக் ஒரு காலத்தில் பணியாற்றிய லைப்சிக் புனித தோமா ஆலயத்துக்கே ஷ்ட்ராவ்பே 1903இல் ஆர்கனிஸ்டாகச் சென்றார். ரேகரின் பெரும்படைப்புகள் அவ்வழியாக ஜெர்மனி எங்கும் அறிமுகமாயின.

ரேகருக்கு இசையில் குரு ஒருவர் உண்டென்றால், அவர் 1750இல் மறைந்த அந்த லூத்தரன் மேதை பாக்தான். பாக்கின் பெயரிலுள்ள பி, ஏ, சி, எச் என்னும் நான்கு எழுத்துகளும் ஜெர்மானிய முறையில் நான்கு சுரங்களின் பெயர்கள். அந்த நான்கு சுரங்களையே அடித்தளமாக்கி 1900இல் ஒரு ஃபேண்டசியாவும் ஃபியூகும் எழுதினார் ரேகர். அதை அவர் காணிக்கையாக்கியது யாருக்கு? மியூனிக் நகரில் பவேரிய அரச ஆலயத்தின் இசைத்தலைவராயிருந்த கத்தோலிக்க ஆர்கன் ஆசிரியர் ஜோசப் ரைன்பெர்கருக்கு! லூத்தரன் மேதையின் பெயரால் கத்தோலிக்கர் ஒருவர் எழுதி, மற்றொரு கத்தோலிக்கருக்குக் கொடுத்த காணிக்கை அது. சங்கம் கூடுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஆர்கன் மாடத்தில் நடந்த இச்செயலை என்னவென்று சொல்வது!

இதனால் அவர் தம் சொந்தச் சபையை மறந்தார் என்று எண்ணவேண்டாம். 1901இல் கத்தோலிக்க வழிபாட்டுக்கென எளிய பாடல்களின் ஒரு பெருந்தொகுதியை எழுதினார். படைப்பு எண் 61 என்னும் அத்தொகுதியில் தாந்தும் எர்கோ கீதங்கள், மாதா பாடல்கள், அடக்கப் பாடல்கள் ஆகியவை உள்ளன. தாந்தும் எர்கோ என்பது நற்கருணை ஆசீரின்போது நாமும் தமிழில் பாடுகிற, புனித தோமா அக்குவினாஸ் இயற்றிய அதே கீதம். வாசிக்க முடியாத அளவு கடினமாக எழுதுகிறார் என்று பெயர் வாங்கியவர், சிற்றூர்ப் பாடற்குழுவினரும் பாடும்படி எளிமையாக எழுதவும் அறிந்திருந்தார். அதே ஆண்டில் ஆர்கனுக்கு எழுதிய பன்னிரண்டு சிறு இசைகளுள் கீரியே, குளோரியா, பெனெதிக்துஸ், தெதேயும் என்று இலத்தீன் வழிபாட்டின் பெயர்களையே சூட்டினார்.

திருமணமும் தண்டனையும்

1901இல் குடும்பம் மியூனிக் நகருக்கு வந்தது. மறு ஆண்டு ரேகர் எல்சா ஃபான் பெர்க்கன் என்னும் பெண்மணியை மணந்தார். எல்சா புராட்டஸ்டாண்டு சபையைச் சேர்ந்தவர். முன்பு ஓர் இராணுவ அதிகாரியை மணந்து, நாட்டுச் சட்டப்படி மணமுறிவு பெற்றவர். 1902 அக்டோபரில் பதிவுத் திருமணமும், டிசம்பரில் புராட்டஸ்டாண்டு போதகர் முன்னிலையில் திருமணமும் நடைபெற்றன. இதன் விளைவாக ரேகர் கத்தோலிக்கத் திருச்சபையினின்று விலக்கப்பட்டார்.

திருச்சபை இதை ஏன் செய்தது என்று சிலர் கேட்கக்கூடும். விளக்குவது நம் கடமை. திருமுழுக்குப் பெற்ற இருவர், அவர்கள் புராட்டஸ்டாண்டு சபையினராயினும், முறைப்படி செய்துகொண்ட திருமணம் செல்லும் என்பதே திருச்சபையின் போதனை. நாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு அந்தப் பிணைப்பை அவிழ்ப்பதில்லை. எனவே எல்சாவின் முதற்கணவர் உயிரோடிருக்கும் வரை அவரை மணக்க இயலாது என்று திருச்சபை கருதிற்று. அதோடு, வேற்றுச் சபைப் போதகர் முன் மணம் செய்துகொண்ட கத்தோலிக்கருக்கு அக்காலத்தில் சபைவிலக்கு என்னும் தண்டனையும் இருந்தது. பக்தியுள்ள பெற்றோருக்கு இது இலேசான செய்தியாக இருந்திருக்க முடியாது.

திருமணம் முறிவற்றது என்னும் போதனையை நாம் குறைத்துச் சொல்ல வரவில்லை. அது ஆண்டவரின் போதனை. ஆனால் அச்சட்டத்தின் அடியில் ஒரு மனிதன் நின்றான் என்பதையும் மறக்கக்கூடாது. அவன் சிறு வயதில் பூசைக்கு ஆர்கன் வாசித்தவன். நற்கருணைக்கு மெட்டு அமைத்தவன். இனி அதே நற்கருணையை நாவில் ஏற்க முடியாது.

இத்தகைய நிலையில் மனிதர் பலர் செய்வது என்ன? கோபம் கொண்டு கடவுளையே விட்டு விலகுவர். அல்லது திருச்சபையைத் தூற்றுவர். ரேகர் தம்மை விரல்நுனி வரை கத்தோலிக்கன் என்றே கருதினார். வாழ்வின் எஞ்சிய பதினான்கு ஆண்டுகளிலும் இறைவனைப் பாடுவதை அவர் நிறுத்தவில்லை.

வெளியே நின்று பாடியவை

அவருடைய உழைப்பைக் கண்டால் வியப்பே மிஞ்சும். நாற்பத்து மூன்று ஆண்டு வாழ்வில் 146 எண்ணிட்ட படைப்புகள். ஓர் எண்ணுக்குள்ளேயே பல பாடல்கள். 1905இல் மியூனிக் இசைக்கழகத்தில் ஆசிரியர். 1907 முதல் லைப்சிக் இசைக் கல்லூரியில் பேராசிரியர். 1911 முதல் 1914 வரை மைனிங்கன் பிரபுவின் அரண்மனை இசைக்குழுவுக்குத் தலைவர். இவற்றுக்கிடையே இடைவிடாத கச்சேரிப் பயணங்கள். ஹில்லர், மொசார்ட் ஆகியோரின் எளிய மெட்டுகளை எடுத்து, அவற்றைப் பலவாறு மாற்றி விரித்து வாத்தியக் குழுவுக்கு அவர் எழுதியவை கச்சேரி மேடைகளில் நிலைபெற்றன. வைடனை விட்ட பிறகு ஆலய ஆர்கனிஸ்டு என்னும் நிலையான பதவி எதையும் அவர் வகிக்கவில்லை. ஆயினும் உலகம் அவரை ஆர்கனுக்கு எழுதியவராகவே முதலில் நினைவுகூர்கிறது.

பொதுமக்களும் சேர்ந்து பாடும்படி லூத்தரன் ஞானப்பாட்டுகளின் மீது சிறு கந்தாத்தாக்கள் எழுதினார். சிற்றாலய ஆர்கனிஸ்டுகளுக்கென 52 எளிய முன்னிசைகள் எழுதினார். யேனா பல்கலைக்கழகத்தின் 350ஆம் ஆண்டு விழாவுக்காக 1908இல் நூறாம் திருப்பாடலுக்கு இசை அமைக்கத் தொடங்கினார். பழைய இலத்தீன் விவிலியக் கணக்கில் இது 99ஆம் திருப்பாடல். முதற்பகுதியை விழாவில் கேட்ட பல்கலைக்கழகம் அவருக்குச் சிறப்பு டாக்டர் பட்டம் அளித்தது. 1909இல் முழுவதும் எழுதி முடித்தார். பெரும் பாடற்குழு, ஆர்கன், வாத்தியக் குழு அனைத்தும் ஒன்று சேர்ந்து, உலகமே மகிழ்ந்து ஆண்டவரிடம் வரவேண்டும் என்று முழங்கும் படைப்பு அது. அதன் வாயில்களுக்குள் துதியோடு நுழையுங்கள் என்று அழைக்கும் திருப்பாடல் அது என்பதை நாம் அறிவோம். வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் அதற்கு இசையமைத்தார். முடிவில் பாடற்குழு ஃபியூக் பாடிக்கொண்டிருக்கையில், அதன்மேல் எக்காளங்கள் லூத்தரின் அந்தக் கோட்டைப் பாட்டை முழங்குகின்றன.

ரேகர் தம்பதியருக்குக் குழந்தை இல்லை. கிறிஸ்தா, லோட்டி என்னும் இரு பெண் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தனர். 1912இல் அவ்வீட்டில் பிறந்ததுதான் மரியன்னையின் தாலாட்டு. மார்ட்டின் போயலிட்ஸ் என்னும் கவிஞரின் சிறு கவிதை அது. ரோசாத் தோட்டத்தில் அமர்ந்து தாய் மரியா குழந்தை இயேசுவைத் தாலாட்டுகிறாள், பறவை பாடுகிறது, குழந்தை உறங்குகிறது. அவ்வளவே. சூசையப்பரை அழைத்துப் பாடும் பழைய ஜெர்மானியக் கிறிஸ்துமஸ் பாடலின் மெட்டைத் தழுவி ரேகர் இதை அமைத்தார். பேரொலிகளை எழுப்பிய அதே கை, தொட்டில் ஆட்டும் கையாக மாறிற்று. பெரும் படைப்புகளைக் கேட்டிராதவர்களும் இத்தாலாட்டை அறிவார்கள். சூசையப்பர் திருநாளில் பிறந்தவர், ஓர் ஏழைத் திருக்குடும்பத்தின் மாலைப்பொழுதை நமக்கு விட்டுச்சென்றார்.

முடிவுறாத இரங்கற்பா

1914இன் தொடக்கத்தில் அளவுக்கு மீறிய உழைப்பால் ரேகரின் உடல் தளர்ந்து விழுந்தது. மைனிங்கன் பதவியைத் துறந்தார். அதே ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. போரில் மடிந்த தம் நாட்டு இளைஞரை நினைத்து, இறந்தோருக்கான இலத்தீன் பூசைக்கு இசையமைக்கத் தொடங்கினார். நித்திய இளைப்பாற்றியை வேண்டும் முதற்பகுதி முடிந்தது. அடுத்த பகுதி பாதியில் நின்றது. நண்பர் ஷ்ட்ராவ்பே குறை கூறியதால் மனம் தளர்ந்து கைவிட்டார். மறு ஆண்டு, ஹெப்பல் என்னும் கவிஞர் இறந்தோரை மறவாதே என்று உயிரோடிருப்போரை வேண்டி எழுதிய கவிதைக்கு இசை அமைத்து, அதையே வீழ்ந்தவர்களின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். மனம் கலங்கிய வேளையில் தாய்த் திருச்சபையின் மன்றாட்டையே அவர் முதலில் நாடினார் என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

1915இல் யேனா நகரில் குடியமர்ந்து, வாரந்தோறும் இரயிலில் லைப்சிக் சென்று பாடம் நடத்தினார். 1916 மே மாதம் அவ்வாறு சென்றபோது, மாலையை நண்பர்களோடு கழித்துவிட்டு விடுதி அறைக்குத் திரும்பினார். மே 11ஆம் நாள் அவ்வறையில் உயிரற்ற நிலையில் காணப்பட்டார். இருதயம் நின்றுவிட்டது. வயது நாற்பத்து மூன்று. அச்சுக்குப் போகவிருந்த எட்டு ஞானப்பாடல்களின் திருத்தப்படிகள் அவர் அருகில் இருந்தன. மனித வாழ்வின் குறுமையைப் பாடுவது அவற்றுள் முதற்பாடல். நம் தாயாகிய மரியாள் கண்ட கனவைப் பாடுவது ஒன்று. இறைவனின் செம்மறியைப் பாடுவது மற்றொன்று. கத்தோலிக்க மரபும் லூத்தரன் மரபும் அக்கடைசித் தாள்களில் அருகருகே கிடந்தன, வைடன் ஆலயத்தில் இரு சபைகளும் ஒரே கூரையின்கீழ் இருந்ததைப் போல.

யூபிலியும் வாசலில் நிற்பவர்களும்

ரேகர் இறந்து ஐம்பது ஆண்டுகள் சென்றன. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்டது. 1966 மார்ச் மாதம், வேற்றுச் சபைப் போதகர் முன் மணம் செய்துகொண்டவர்களுக்கான சபைவிலக்குத் தண்டனையை உரோமை நீக்கிற்று. அந்நீக்கம் கடந்த காலத்துக்கும் பொருந்தும் என்றும் அறிவித்தது. 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்துகொண்டோர் தம்மைத் திருச்சபையினின்று பிரிந்தவர்களாக எண்ணாதபடி, ஆயர்களும் பங்கு மக்களும் அன்போடு உதவவேண்டும் என்று எழுதினார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல், அத்தகையோர் சபைவிலக்குப் பெற்றவர் அல்லர் என்றும், அப்படி அவர்களை நடத்தலாகாது என்றும் தெளிவுபடுத்தினார். அம்மடல் கையெழுத்தான நாள் 2016 மார்ச் 19, சூசையப்பர் திருநாள், ரேகரின் பிறந்த நாள். இது தற்செயலே. ஆயினும் எண்ணி மகிழத்தக்க தற்செயல்.

போதனை மாறவில்லை. திருமணம் முறிவற்றது என்பதை நாம் இன்றும் அறிக்கையிடுகிறோம். மாறியிருப்பது, வாசலில் நிற்பவரைப் பார்க்கும் நம் பார்வை.

அன்புக்குரிய பங்கு மக்களே, யூபிலி என்னும் சொல் லேவியர் ஆகமத்தில் பிறந்தது. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதப்படும். நிலம் இழந்தவன் தன் நிலத்துக்கும், அடிமைப்பட்டவன் தன் குடும்பத்துக்கும் திரும்பிச் செல்வான். கொடியும் தோரணமும் தேர்ப்பவனியும் யூபிலியின் அலங்காரங்கள். வீடு திரும்புதலே அதன் உள்ளம். நம் ஆலயத்திலும் கடைசித் தூணின் அருகே, வாசற்படியின் ஓரத்தில், நன்மை வாங்கும் நேரத்தில் தலைகுனிந்து நிற்பவர் சிலர் உண்டு. அவர்களுடைய திருமணம் ஏதோ ஒரு வகையில் சிக்கலில் அகப்பட்டிருக்கும். அவர்களை நாம் பேச்சாலும் பார்வையாலும் மேலும் ஓர் அடி வெளியே தள்ளிவிடுகிறோமா என்று இவ்விழாவில் ஒவ்வொருவரும் தம் மனச்சான்றைக் கேட்டுக்கொள்ளவேண்டும். அவர்களுக்கு நற்கருணைப் பந்தியில் இடமளிப்பது பற்றி முடிவு செய்வது திருச்சபையின் பொறுப்பு. ஆனால் பாட்டில் இடமளிப்பது, செபத்தில் இடமளிப்பது, வீட்டு விருந்தில் இடமளிப்பது நம் கையில் இருக்கிறது.

அத்தகையோருக்கும் ஒரு சொல். உங்கள் இடர்ப்பாட்டைக் கொண்டு குருவிடம் வாருங்கள்; கதவு பூட்டியிருக்கிறது என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். வந்து தீரும் வரையும் பாடுவதை நிறுத்தாதீர்கள். மாக்ஸ் ரேகர் நிறுத்தவில்லை. அவர் வாசலில் நின்று பாடியது, உள்ளே இருந்தவர்களின் செபத்துக்குச் சிறகாயிற்று.

நம் பாடற்குழுவினர் வருகிற கிறிஸ்து பிறப்பு விழாவில் அந்தத் தாலாட்டைத் தமிழில் பாட முயல்வார்களானால், அதைக் கேட்டு மகிழ்வோம். அதைப் பாடும்போது, எழுதியவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும் ஒரு நொடி மன்றாடுவோம். திருச்சபையின் தாயான மரியாள், உள்ளே நிற்பவர்களையும் வாசலில் நிற்பவர்களையும் தம் மகனிடம் ஒன்று சேர்ப்பாராக.